குதிரைச் சந்தைக்குப் போகிறீர்களா? பத்து முழம் தள்ளி நில்லுங்கள்!

ஆடி மாதம் வந்துவிட்டால் ஈரோடு மாவட்டம் அந்தியூரை நோக்கி லாரிகளும் வேன்களும் வரத் தொடங்கிவிடும். புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே நடக்கும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் தமிழ்நாடு முழுக்கப் பேர் பெற்றவை. திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கிருந்துதான் குதிரை வாங்கினார் என்று அந்தப் பகுதி மக்கள் இன்றும் சொல்வதுண்டு. பர்கூர் மாடு, காங்கேயம் காளை பார்க்கப் போகிற விவசாயிகள்கூடக் குதிரை நிற்கும் பக்கம் போகாமல் திரும்புவதில்லை. குஜராத்தின் கத்தியவாரி, ராஜஸ்தானின் மார்வாரி போன்ற இனக் குதிரைகளை நம் ஊர்ப் பக்கத்தில் இத்தனை நெருக்கத்தில் பார்க்க வேறு இடம் கிடைப்பது அரிது.

அந்த நெருக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. சந்தையில் வரிசையாகக் கட்டியிருக்கும் குதிரைகளுக்குப் பின்னால் மக்கள் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். தோளில் குழந்தையோடு ஒருவர் வாலைத் தொட்டுப் பார்க்கிறார். இன்னொருவர் குதிரையின் பின்பக்கம் நின்றுகொண்டு செல்போனில் படம் எடுக்கிறார். மேளச் சத்தத்துக்கு ஏற்ப ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றி ஆட்கள் வட்டம் போட்டு நிற்கிறார்கள். ஒரே ஒரு உதை போதும். முந்நூறு, நானூறு கிலோ எடையுள்ள விலங்கு, இரும்பு லாடம் அடித்த குளம்பால் உதைத்தால் எலும்பு முறியும். படக்கூடாத இடத்தில் பட்டால் உயிரே போகும்.

உதைக்கும் குதிரை என்று தெரிந்தால் உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்? பார்க்கப் போகிறவர் எங்கே நிற்க வேண்டும்? வாங்கப் போகிறவர் என்ன கேட்க வேண்டும்? சந்தை நடத்துபவர்களின் பொறுப்பு என்ன? இந்த நான்கு கேள்விகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்?

2012-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல் இருந்தன. 2019-ம் ஆண்டு கணக்கெடுப்பில் அது சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஏழே ஆண்டுகளில் 45 சதவீதத்துக்கும் மேல் சரிவு. ஜட்கா வண்டி போய் ஆட்டோ வந்தது, சுமை இழுக்கும் குதிரை போய் மினி வேன் வந்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்.

குதிரை குறைந்ததோடு குதிரையைத் தெரிந்த மனிதர்களும் குறைந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் ஜட்கா நிறுத்தத்தைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். குதிரைக்குப் பின்னால் போகாதே என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். யாரும் பாடம் நடத்தாமலே பிள்ளைகளுக்கு அது பழகிவிடும். இன்று சந்தைக்கு வரும் இளைஞர்களில் பலர் குதிரையைச் சினிமாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் மட்டுமே பார்த்தவர்கள். அழகாக இருக்கிறது, அதனால் தொடலாம் என்று நினைக்கிறார்கள்.

மறுபக்கம், ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் சட்டத் திருத்தமும் விதிமுறைகளும் வந்த பிறகு, பார்வையாளர்களுக்கும் காளைகளுக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர்கள், மருத்துவக் குழு என்று ஏற்பாடுகள் கட்டாயமாகிவிட்டன. காளை முட்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் தடுப்பு கட்டுகிறோம். குதிரை உதைக்கும் என்பது அந்த அளவுக்கு யார் நினைவிலும் இல்லை. பல இடங்களில் ஒரு கயிறுகூடக் கட்டுவதில்லை.

மாடு வேறு, குதிரை வேறு

மாட்டோடு பழகிய விவசாயிகள் குதிரையிடம் அடி வாங்குவதற்கு முக்கியக் காரணம், மாட்டிடம் செய்வதையே குதிரையிடமும் செய்வதுதான்.

பால் கறக்கிறவர்களுக்குத் தெரியும். மாடு பெரும்பாலும் ஒற்றைக் காலை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் வளைத்து வீசும். அதனால் மாட்டின் பக்கவாட்டில், மடிக்கு அருகே, கவனமாக இருப்போம். நேர் பின்னால் நிற்பதற்கு அவ்வளவாக யோசிப்பதில்லை. நகராத மாட்டின் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டி நகர்த்துவதும் நமக்குப் பழக்கம்.

குதிரை உதைக்கும் விதமே வேறு. எடையை முன்னங்கால்களில் ஏற்றிக்கொண்டு பின்னங்கால் ஒன்றையோ இரண்டையுமோ நேர் பின்னால் எறியும். மாட்டுக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைக்கும் இடம்தான் குதிரைக்கு ஆபத்தான இடம். பக்கவாட்டிலும் குதிரை உதைக்காது என்று சொல்ல முடியாது. சில குதிரைகள் மாட்டைப் போலவே ஒற்றைக் காலைப் பக்கவாட்டில் வீசும். ஆனால் முழு பலமும் இறங்குவது நேர் பின்னால்தான்.

அது ஏன் உதைக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். குதிரைக்குக் கொம்பு இல்லை. காட்டில் புலியும் ஓநாயும் துரத்தினால் ஓடித் தப்பிக்கும்; ஓட வழியில்லாவிட்டால் பின்னால் வருவதை உதைக்கும். சந்தையில் முளையடித்துக் கட்டிய குதிரைக்கு ஓட வழியில்லை. அதனிடம் மிச்சம் இருப்பது உதை மட்டுமே. ஊரில் சாதுவாக இருக்கும் குதிரை சந்தையில் உதைப்பதற்குக் காரணம் இதுதான். லாரியில் நெடுந்தூரம் வந்த களைப்பு, புது இடம், பக்கத்தில் முன்பின் தெரியாத குதிரைகள், பறைச் சத்தம், வெடிச் சத்தம் எல்லாம் சேர்ந்து அதை எப்போதும் மிரட்சியிலேயே வைத்திருக்கும்.

கண் அமைப்பையும் கவனியுங்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் முக்கியமாக இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில். சத்தம் காட்டாமல் பின்னால் வந்து தொடுகிறவர் மனிதரா, புலியா என்று அதற்குத் தெரியாது. பார்த்துவிட்டு முடிவெடுக்க அது காத்திருக்காது. குதிரை நின்றபடியே தூங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அசையாமல் நிற்கிறதே, சாது போலிருக்கிறது என்று நாம் நினைக்கும் குதிரை தூக்கத்தில் இருக்கலாம். தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டு உதைக்கும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது?

நம் முன்னோர் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள். கொம்புள்ள விலங்கிடம் 5 முழம், குதிரையிடம் 10 முழம், யானையிடம் 1,000 முழம் விலகியிருக்க வேண்டும் என்பது ‘நீதி வெண்பா’ சொல்லும் அறிவுரை. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் 10 முழம் என்பது 15 அடி. மாட்டுக்கு விடும் இடத்தைப் போல இரண்டு மடங்கு குதிரைக்கு விடச் சொல்கிறார்கள்.

இன்றைக்குக் குதிரைப் பயிற்சியாளர்கள் சொல்வதும் இதை ஒட்டியே இருக்கிறது. ஒரு குதிரையின் உடல் நீளம் சுமார் 8 அடி. கால் நீட்டி உதைக்கும் தூரத்தோடு, உதைக்கும் முன் ஒரு எட்டு பின்னால் வைத்தால் வரும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பின்பக்கமாகக் கடந்து போகிறவர் குறைந்தது 10 அடி, முடிந்தால் 15 அடி விட்டுப் போவது நல்லது.

குதிரையைப் பராமரிப்பவர் அவ்வளவு தள்ளி நின்றால் வேலை நடக்காது. அவர்களுக்குத் தனி முறை உண்டு. முதலில் தோள் பக்கம் போய், பேச்சுக் கொடுத்து, கையை முதுகின் மேல் வைத்து, கையை எடுக்காமலே உடம்போடு உடம்பாக ஒட்டிப் பின்பக்கம் சுற்றி வருவார்கள். ஒட்டி நிற்கும்போது காலுக்கு வீச்சு கிடைக்காது; உதைத்தாலும் தள்ளுவது போலத்தான் இருக்கும். மூன்று, நான்கு அடி தள்ளி நிற்பவர் மேல்தான் உதையின் முழு பலமும் விழும். சுருக்கமாகச் சொன்னால், குதிரைக்காரர் ஒட்டி நிற்கலாம், மற்றவர்கள் எட்டி நிற்க வேண்டும், நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

உதைப்பதற்கு முன் குதிரை சொல்லும்

முன்னறிவிப்பு இல்லாமல் உதைக்கும் குதிரை குறைவு. நமக்குத்தான் அது சொல்வது புரிவதில்லை. இந்த அறிகுறிகளைப் பாருங்கள்:

- காதுகள் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காது நுனிகள் இயல்பாகவே உள்நோக்கி வளைந்திருக்கும். அதைக் கோபம் என்று எண்ண வேண்டாம். காது முழுவதும் பின்னால் படுத்துவிட்டால்தான் எச்சரிக்கை.
- வாலைச் சட் சட்டென்று வேகமாக அடிக்கும், அல்லது தொடைகளுக்கு நடுவே இறுக்கிக்கொள்ளும். ஈ விரட்டும் வால் நிதானமாக ஆடும். எரிச்சலில் ஆடும் வாலில் வேகம் இருக்கும்.
- பின்பக்கத்தை உங்கள் பக்கமாகத் திருப்பும். தள்ளிப் போ என்று குதிரை சொல்லும் தெளிவான பேச்சு இது.
- பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். ஓய்வுக்காக ஒரு காலை மடித்து நிற்பது வேறு. அப்போது தலை தாழ்ந்திருக்கும், காதுகள் தளர்ந்திருக்கும்.
- கண்ணின் வெள்ளை தெரியப் பின்னால் பார்க்கும். உடம்பு விறைத்துக்கொள்ளும்.

குட்டியோடு நிற்கும் பெட்டைக் குதிரை, பருவத்தில் இருக்கும் பெட்டைக் குதிரை, அதன் அருகே கட்டிய ஆண் குதிரை, தீனி தின்றுகொண்டிருக்கும் குதிரை ஆகியவற்றிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு குதிரை பக்கத்துக் குதிரையைக் குறி வைத்து உதைக்கும்போது நடுவில் போன மனிதர் மேல் படுவதும் உண்டு. அதனால் இரண்டு குதிரைகளுக்கு நடுவில் புகுந்து போகவே கூடாது.

வாலில் சிவப்பு ரிப்பன்: நமக்குச் சரி வருமா?

இங்கிலாந்தில் குதிரை வைத்திருப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டமாகக் குதிரை ஏறிப் போகும் வேட்டைக் களங்களிலும் குதிரைக் கண்காட்சிகளிலும், உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். பச்சை ரிப்பன் கட்டியிருந்தால் அது அனுபவம் இல்லாத இளங்குதிரை. சிவப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இடைவெளி விடுவார்கள். சிவப்பு ரிப்பன் கட்டியவரும் கூட்டத்தின் நடுவில் போகாமல் கடைசியில்தான் வருவார். ரிப்பன் கட்டிவிட்டேன், இனி விலகிப் போவது உங்கள் வேலை என்று அவர் சொல்ல முடியாது. ரிப்பன் கட்டியதே, குதிரை உதைக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிடும். அந்நாட்டின் 1971-ம் ஆண்டு விலங்குகள் சட்டமும், தன் விலங்கின் ஆபத்தான குணம் உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்க்கிறது.

இந்தப் பழக்கத்தை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? யோசித்துத்தான் செய்ய வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் குதிரைகளை அலங்கரித்துத்தான் கொண்டு வருகிறார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், வண்ணத் துணி, குஞ்சம். சிவப்பு நமக்கு மங்கல நிறம். வாலில் சிவப்பு ரிப்பனைப் பார்த்தால் நம்மவர்கள் விலகிப் போகமாட்டார்கள். அலங்காரம் நன்றாக இருக்கிறதே என்று படம் எடுக்கக் கிட்டே போவார்கள். ஆபத்தைச் சொல்ல வந்த அடையாளமே ஆளை இழுத்துவிடும்.

அடையாளம் என்பது பார்ப்பவருக்குப் புரிந்தால்தான் அடையாளம். நமக்கு ஏற்றது எளிய முறை. அட்டையிலோ பலகையிலோ பெரிய எழுத்தில் ‘உதைக்கும் குதிரை, கிட்டே வராதீர்கள்’ என்று எழுதிக் குதிரையின் பின்பக்கம் 10 அடி தள்ளி நட்டு வைக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கும் குழந்தைகளுக்கும் புரியும்படி உதைக்கும் குதிரையின் படத்தை வரையலாம். பலகைக்கு உள்பக்கம் யாரும் வராதபடி ஒரு கயிறு கட்ட வேண்டும். முட்டுகிற மாட்டைத் தனியே கட்டி, ‘அது முட்டும், பார்த்துப் போங்க’ என்று வருகிறவர்களிடம் சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதையே குதிரைக்கும் செய்யச் சொல்கிறோம்.

சொன்னால் விலை குறையுமே?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. விற்க வந்த குதிரைக்குப் பக்கத்தில் ‘உதைக்கும்’ என்று பலகை நட்டால் யார் வாங்குவார்கள்? தரகர்கள் விலையைப் பாதியாக இறக்கிவிடுவார்களே என்று உரிமையாளர் பயப்படுவது நியாயம்தான். அந்தப் பயத்தால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை.

வாங்குகிறவர் சுழி பார்க்கிறார், பல்லைப் பிடித்து வயது பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், நடை பார்க்கிறார். துண்டுக்குள் கை விட்டு விலை பேசுகிறார். உதைக்குமா என்று வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. அதைக் கேட்காமல் விடுவது சட்டப்படியும் பெரிய நஷ்டம்.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. அதற்குக் காட்டியிருக்கும் உதாரணமே குதிரை விற்பனைதான். குறையுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சும்மா இருந்தது மட்டும் மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குகிறவர், ‘நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரையில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லி, அதற்கும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் வாயால் சொன்னதற்குச் சமம் என்கிறது.

இதிலிருந்து வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கேளுங்கள். நாலு பேர் முன்னிலையில் வாய்விட்டுக் கேளுங்கள். ‘உதைக்குமா? கடிக்குமா? லாடம் அடிக்கக் கால் கொடுக்குமா? வண்டியில் பூட்டினால் நிற்குமா? சொல்லாவிட்டால் இந்தக் குறை எதுவும் இல்லை என்றுதான் வாங்குகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். பொய் சொல்லி விற்றது நிரூபணமானால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. கேட்கவே இல்லை என்றால் வழக்கு நிற்பது கடினம்.

முடிந்தால் விலை பேசுவதற்கு முன் குதிரையின் நான்கு கால்களையும் குதிரைக்காரரையே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்னங்காலைத் தூக்க அவரே தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது. அந்தச் சோதனையை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

விற்பவரும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உதைக்கும் குதிரை உதவாத குதிரை என்று அர்த்தமில்லை. கூட்டத்தில் மட்டும் உதைக்கும் குதிரை, தனியாக வைத்தால் நன்றாக ஓடலாம். அனுபவமுள்ளவர் கையில் பழகிப் போகலாம். உண்மையைச் சொல்லி விற்றால் விலையில் கொஞ்சம் குறையலாம். மறைத்து விற்க வந்த இடத்தில் ஒரு குழந்தையை உதைத்துவிட்டால், குதிரை விற்ற பணம் முழுவதும் போனாலும் தீராது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு கால்நடை வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயமோ ஏற்படக்கூடிய ஆபத்தைத் தடுக்கத் தேவையான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாமல் விட்டாலும், அலட்சியத்தால் விட்டாலும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289-வது பிரிவாக இருந்தபோது அபராதம் 1,000 ரூபாய் வரைதான். இது தவிர, காயம்பட்டவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கும் போடலாம்.

பலகை வைத்தால் நமக்கு எதிரான சாட்சி ஆகிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். பலகை மட்டும் வைத்துவிட்டுக் குதிரையைக் கூட்டத்தின் நடுவில் கட்டினால் ஆகலாம். பலகையும் வைத்து, கயிறும் கட்டி, ஆளையும் நிறுத்தியிருந்தால், தேவையான ஏற்பாட்டைச் செய்திருக்கிறேன் என்று சொல்ல உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டு, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது எடுபடாது. நாலு ஊர்ச் சந்தைக்குப் போய் வந்த குதிரையின் குணம் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும்.

யார் யார் என்ன செய்ய வேண்டும்?

குதிரை உரிமையாளர்களுக்கு:

- உதைக்கும் குதிரையை வரிசையின் நடுவில் கட்டாதீர்கள். கடைசி முளையில், பின்பக்கம் சுவரோ வேலியோ வண்டியோ இருக்கும்படி கட்டுங்கள்.
- பழக்கமில்லாத குதிரைகளுக்கு நடுவே ஒரு குதிரை நீளத்துக்குக் குறையாமல் இடம் விடுங்கள். ஆண் குதிரையையும் பெட்டைக் குதிரையையும் அருகருகே கட்ட வேண்டாம்.
- குதிரையின் குணம் தெரிந்த ஆள் எப்போதும் கூடவே இருக்கட்டும். டீ குடிக்கப் போனாலும் ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். சிறுவர்களிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.
- உதைத்துவிட்டதே என்று பிறகு சாட்டையால் அடிப்பதில் பயனில்லை. பின்னால் யாராவது வந்தால் அடி விழும் என்றுதான் குதிரை புரிந்துகொள்ளும். அடுத்த முறை இன்னும் முந்திக்கொண்டு உதைக்கும்.
- திடீரென்று உதைக்கத் தொடங்கிய குதிரைக்கு முதுகிலோ காலிலோ வலி இருக்கலாம். சேணம் உரசிய புண், குளம்பில் சீழ், வயிற்று வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு:

- உரிமையாளரிடம் கேட்காமல் எந்தக் குதிரையையும் தொடாதீர்கள். தொட அனுமதி கிடைத்தால், முன்பக்கம் கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து, அது உங்களைப் பார்க்கும்படி போய்த் தோளையோ கழுத்தையோ தொடுங்கள். வாலையும் பின்தொடையையும் தொடவே வேண்டாம்.
- பின்பக்கம் நின்று செல்பி எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முதுகு குதிரையின் பக்கமும் கண் செல்போனிலும் இருக்கும்.
- குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியவருக்குத் தொடையில் படும் உதை குழந்தைக்குத் தலையில் படும்.
- குதிரைகள் அருகே குடையை விரிப்பது, விசில் அடிப்பது, பலூன் உடைப்பது, பட்டாசு வெடிப்பது வேண்டாம். நாயைக் கூட்டிப் போக வேண்டாம்.
- உங்களிடமும் குதிரை இருந்து அதை நடத்திக்கொண்டு போனால், முன்னால் போகும் குதிரையின் வாலோடு ஒட்டிப் போகாதீர்கள். குறைந்தது ஒரு குதிரை நீளம் இடைவெளி இருக்கட்டும். ரேக்ளா பந்தயத்தில் புறப்படும் இடத்தில் வண்டிகள் முண்டியடிக்கும்போதும் இதுவே விதி.

சந்தை நடத்துபவர்களுக்கு:

- மக்கள் நடக்கும் பாதை குதிரைகளின் தலைப்பக்கம் இருக்கும்படி வரிசையை அமையுங்கள். பின்பக்கம் பாதையே இருக்கக் கூடாது. செலவில்லாமல் பெரும்பாலான விபத்தைத் தடுக்கும் வழி இதுதான்.
- உதைக்கும் குதிரைகளுக்குத் தனி மூலை ஒதுக்குங்கள். எல்லோருக்கும் பொதுவான விதியாக்கிவிட்டால் எந்த ஒரு வியாபாரிக்கும் தனியாக அவமானம் இல்லை.
- நாட்டியக் குதிரை ஆடும் இடத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு கட்டி, 15 அடிக்கு உள்ளே யாரையும் விடாதீர்கள்.
- பாதையைக் கேட்டு மைக்கில் அறிவிப்பு செய்யும்போதே, குதிரைக்குப் பின்னால் போகாதீர்கள் என்பதையும் அடிக்கடி சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்ப ஒரு வழியைக் காலியாக வையுங்கள்.

உதை பட்டுவிட்டால்

முதலில் அடிபட்டவரைக் குதிரைக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். குதிரையைக் குதிரைக்காரர் நகர்த்துவதே நல்லது. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி என்று தெரிந்தால் ஆளைத் தூக்கி உட்கார வைக்காமல் படுத்தபடியே விட்டு 108-ஐ அழையுங்கள்.

வயிற்றில் பட்ட உதையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சிராய்ப்புகூட இல்லாமல் உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து ரத்தம் கசியலாம். எழுந்து நடப்பார், நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவார். சோடா, டீ, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தலையில் பட்டு வாந்தி, மயக்கம், குழறல், தூக்கக் கலக்கம் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எலும்பு முறிந்த இடத்தைத் தேய்க்கவோ இழுக்கவோ வேண்டாம். அசையாமல் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோங்கள். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள். சாணம், மண், சுண்ணாம்பு வைக்காதீர்கள். குதிரைச் சாணத்திலும் அது கலந்த மண்ணிலும் தனுர்வாதக் கிருமி இருக்கும். சிறிய காயமாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்தைக்குள் என்ன செய்யலாம்?

உதைப்பது குதிரையின் குற்றம் இல்லை; பயந்தால் அது அப்படித்தான் செய்யும். உதைக்கும் என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். குதிரையைத் தெரிந்தவர்கள் நிறைய இருந்த காலத்தில் சொல்லாமலே வேலை நடந்தது. இன்று தெரிந்தவர்கள் குறைவு, பார்க்க வருகிறவர்கள் அதிகம். அதனால் தெரிந்தவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்குப் புதுச் சட்டமோ அரசு நிதியோ வேண்டியதில்லை. ஒரு பலகை, ஒரு கயிறு, தலைப்பக்கம் ஒரு நடைபாதை. அடுத்த சந்தைக்குக் குதிரை கொண்டு போகிறவர்கள் இந்த மூன்றையும் செய்து பாருங்கள். பார்க்கப் போகிறவர்கள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பத்து முழம் தள்ளி நின்று பாருங்கள். குதிரையின் அழகு அங்கிருந்து பார்த்தாலும் நன்றாகவே தெரியும்.